உங்கள் போட்டோ, உங்கள் உரிமை: 500 ரூபாயில் பதிப்புரிமைப் பதிவு

கீழ்வேளூரில் சம்பா அறுவடைக்கு முந்தின ஒரு காலை. பனி இன்னும் விலகவில்லை. முற்றிய கதிர்களுக்கு மேலே கொக்குக் கூட்டம் எழும்புகிறது, பின்னால் கோயில் கோபுரம் மங்கலாகத் தெரிகிறது. போனை எடுத்து ஒரு கிளிக் செய்கிறீர்கள். இன்ஸ்டாகிராமில் போட்டதும் லைக் குவிகிறது.

ஆறு மாதம் கழித்து மளிகைக் கடையில் ஓர் அரிசிப் பையில் அதே படத்தைப் பார்க்கிறீர்கள். அதே கொக்கு, அதே கோபுரம். உங்கள் பெயர் இல்லை, உங்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. கம்பெனிக்கு போன் போட்டால், "இன்டர்நெட்ல கிடந்துச்சு, எடுத்துக்கிட்டோம். அது உங்க படம்தான்னு என்ன ஆதாரம்?" என்கிறார்கள்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், கல்யாண போட்டோகிராபர்கள், யூடியூப் நடத்தும் இளைஞர்கள் யாரைக் கேட்டாலும் இதைப்போல ஒரு கதை சொல்வார்கள். கடைசியில் எழும் அந்தக் கேள்விக்கு, "என்ன ஆதாரம்?" என்பதற்கு, கையில் ஒரு பதில் வைத்திருப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'காப்புரிமை' என்று சொல்லிவிடுகிறோம். காப்புரிமை என்பது பேட்டன்ட், அதாவது புதிய கண்டுபிடிப்புகளுக்கானது. எழுத்து, பாட்டு, ஓவியம், சினிமா, போட்டோ போன்ற படைப்புகளுக்கானது 'பதிப்புரிமை', அதாவது காப்பிரைட். இரண்டுக்கும் சட்டம் வேறு, கட்டணமும் வேறு. இணையத்தில் தேடும்போதும் விண்ணப்பிக்கும்போதும் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கிளிக் செய்த நொடியிலேயே உரிமை வந்துவிடும்

பலருக்கும் தெரியாத நல்ல செய்தி இது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி போட்டோவும் ஒரு கலைப்படைப்பு. போட்டோவை எடுப்பவர்தான் அதன் படைப்பாளி. எடுத்த நொடியிலேயே பதிப்புரிமை தானாக உருவாகிவிடும். அதற்கு மனு போட வேண்டாம், முத்திரை வாங்க வேண்டாம், படத்தின் மூலையில் பெயரை வாட்டர்மார்க்காகப் போடுவதும் கட்டாயமில்லை.

விலை உயர்ந்த கேமராவில் எடுத்தால்தான் செல்லும் என்பதில்லை. செல்போன் படத்துக்கும் அதே உரிமை. உங்கள் வாழ்நாள் முழுவதும் அது இருக்கும். உங்களுக்குப் பின் மேலும் 60 ஆண்டுகளுக்கு உங்கள் வாரிசுகளுக்குப் போகும். முன்பு போட்டோக்களுக்கு மட்டும், வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு என்று தனிக்கணக்கு இருந்தது. 2012 திருத்தத்தில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டு, எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் உள்ள அதே பாதுகாப்பு போட்டோ எடுப்பவர்களுக்கும் வந்தது.

எது உங்களுடையது, எது இல்லை?

உங்கள் உரிமை நீங்கள் எடுத்த படத்துக்குத்தான். படத்தில் உள்ள வயலுக்கோ கோபுரத்துக்கோ கொக்குக்கோ இல்லை. நாளைக்கு வேறொருவர் அதே வரப்பில் நின்று, அதே நேரத்தில் தன் போனில் ஒரு படம் எடுத்தால் அது அவருடைய படம். அதை நீங்கள் தடுக்க முடியாது. உங்கள் படத்தையே அவர் காப்பியடித்தால்தான் தப்பு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய வழக்கு உதவும். சுதந்திரப் போராட்ட வீரரும் ஓவியருமான 'ஆர்யா' கே. பாஷ்யம் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1932 ஜனவரி 26 அன்று சென்னை ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றியவர். அவர் மகாத்மா காந்தியின் போட்டோக்களை அடிப்படையாக வைத்து ஓர் ஓவியம் வரைந்திருந்தார். அதன் உரிமை குறித்து ஒரு பதிப்பக நிறுவனத்துக்கும் அவருக்கும் எழுந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 1961-ஆம் ஆண்டு சட்டத் தொகுப்பில் வெளியான அந்தத் தீர்ப்பு, போட்டோக்களை ஆதாரமாகக் கொண்டிருந்தாலும் கலைஞரின் உழைப்பால் தனித்தன்மையோடு உருவான படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்று சொன்னது.

காந்தியின் முகம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்த முகத்தை ஆர்யா வரைந்த விதம் ஆர்யாவுக்குச் சொந்தம். கீழ்வேளூர் கோபுரமும் அப்படித்தான். கோபுரம் எல்லாருக்கும் பொது, உங்கள் பிரேம் உங்களுக்கு.

அப்படின்னா பதிவு எதுக்கு?

பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. 'சஞ்சய் சோயா' வழக்கில் 2021-இல் மும்பை உயர் நீதிமன்றமும், வழக்குத் தொடரப் பதிவு கட்டாயமில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிறகு ஏன் 500 ரூபாய் செலவழிக்க வேண்டும்?

ஆதாரத்துக்காகத்தான். நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்தாலும் பட்டா கையில் இருப்பது வேறு மாதிரிதானே? பதிப்புரிமைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவின்படி, பதிப்புரிமைப் பதிவேட்டில் உள்ள விவரங்கள் எல்லா நீதிமன்றங்களிலும் முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும். அந்த விவரம் தவறு என்றால் அதை எதிர்த்தரப்புதான் காட்ட வேண்டும். "அது உங்க படம்னு நிரூபிங்க" என்று கேட்டவர், "அது உங்க படம் இல்லைன்னு நான் நிரூபிக்கணுமா?" என்று யோசிக்கும் நிலை வரும். பாதி தகராறுகள் அந்த இடத்திலேயே பேசித் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பதிவுச் சான்றிதழ் அசைக்க முடியாத தீர்ப்பு அல்ல. உண்மையான படைப்பாளி வேறொருவர் என்று நிரூபணமானால் பதிவேட்டில் உள்ளதைத் திருத்தவோ நீக்கவோ உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அடுத்தவர் படத்தைத் தன் பெயரில் பொய்யாகப் பதிவு செய்வது 67-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

கல்யாண ஆல்பம் யாருக்குச் சொந்தம்?

போட்டோகிராபர்களும் கல்யாண வீட்டாரும் அடிக்கடி மோதிக்கொள்ளும் இடம் இது. "நான் எடுத்தேன், என் படம்" என்கிறார் போட்டோகிராபர். "நான் காசு கொடுத்தேன், என் படம்" என்கிறார் பெண்ணின் அப்பா. சட்டம் என்ன சொல்கிறது?

17-ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இது மாறும். ஆக, எதுவும் எழுதிக்கொள்ளாத நிலையில் கல்யாணப் படங்களின் பதிப்புரிமை கல்யாண வீட்டாருக்குத்தான். அவர்களைக் கேட்காமல் மணப்பெண்ணின் படத்தைக் கடை போர்டில் பெரிதாக மாட்டுவதோ, விளம்பரத்துக்குப் போடுவதோ சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன்மார்களே, இதற்கு வழி எளிது. புக்கிங் ரசீதிலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். பதிப்புரிமை யாருக்கு, விளம்பரத்துக்கும் சமூக வலைதளத்துக்கும் படங்களைப் பயன்படுத்த அனுமதி உண்டா இல்லையா என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது.

இன்னும் மூன்று சூழல்கள்:

• நீங்கள் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, வேலையின் பகுதியாக எடுத்த படம் பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம்.

• நண்பனின் போனை வாங்கி நீங்கள் எடுத்த படத்துக்குப் படைப்பாளி நீங்கள்தான். போன் யாருடையது என்பது கணக்கில்லை.

• உரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுத்தாலும், படைப்பாளி நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆவது பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

உரிமையை விற்கும்போது கவனம் தேவை. எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் உரிமை மாற்றம் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். போட்டோ போட்டிகளுக்குப் படம் அனுப்பும் முன் விதிமுறைகளை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். பரிசு கிடைக்காத படத்தின் உரிமையும் நடத்துபவருக்கே என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள்.

பதிவு செய்வது எப்படி?

பதிப்புரிமை அலுவலகம் ஒன்றிய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் கீழ், டெல்லி துவாரகாவில் இருக்கிறது. அங்கே போக வேண்டியதில்லை. கீழ்வேளூரில் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். போனிலும் செய்யலாம் என்றாலும், நீளமான படிவம் என்பதால் கம்ப்யூட்டரில் செய்வது வசதி.

1. 'காப்பிரைட் டாட் கவ் டாட் இன்' என்ற அரசு இணையதளத்துக்குச் செல்லுங்கள். முகவரியில் 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி பெயரில் தனியார் தளங்கள் நிறைய உண்டு.

2. புதிய பயனர் கணக்கு தொடங்கி உள்ளே நுழையுங்கள்.

3. படிவம் 14-ஐத் திறங்கள். படைப்பின் வகையில் 'கலைப்படைப்பு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்துக்கு ஒரு தலைப்பு, படைப்பாளியின் பெயர், முகவரி, குடியுரிமை, உரிமையாளர் விவரம் எல்லாம் கேட்பார்கள். விவர அறிக்கை, கூடுதல் விவர அறிக்கை என இரண்டு பகுதிகள் இருக்கும்.

4. படம் வெளியானதா, வெளியாகாததா என்ற கேள்வி வரும். எல்லாரும் பார்க்கும்படி சமூக வலைதளத்தில் போட்டிருந்தால் அது வெளியான படம். முதலில் வெளியான ஆண்டையும் நாட்டையும் எழுதுங்கள். யாருக்கும் காட்டாத படத்தையும் பதிவு செய்யலாம்.

5. ஸ்கேன் செய்த கையெழுத்தையும் படத்தையும் பதிவேற்றுங்கள்.

6. கட்டணத்தை ஆன்லைனில் செலுத்துங்கள். ஒரு போட்டோவுக்கு 500 ரூபாய். பொருள் அல்லது சேவையோடு சேர்த்துப் பயன்படுத்தும் கலைப்படைப்பு என்றால், உதாரணமாக அரிசிப் பையின் லேபிள் டிசைன் என்றால், 2,000 ரூபாய். அதற்கு வணிகச் சின்னப் பதிவகத்தின் சான்றிதழும் தேவை.

7. பணம் கட்டியதும் ஒரு டைரி எண் வரும். அதைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்க இதுதான் சாவி.

டைரி எண் வந்த பிறகு 30 நாள் காத்திருப்புக் காலம். யாராவது "இது என் படம்" என்று ஆட்சேபம் சொல்ல நினைத்தால் அந்த நாட்களில் சொல்லலாம். ஆட்சேபம் வந்தால் இரு தரப்பையும் விசாரிப்பார்கள். வராவிட்டால் விண்ணப்பம் ஆய்வுக்குப் போகும். குறை இருந்தால் கடிதம் அனுப்புவார்கள். அதில் சொன்ன கெடுவுக்குள் பதில் அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் கட்டிய பணமும் நேரமும் வீண். எல்லாம் சரியாக இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். 30 நாள் முடிந்த மறுநாளே கைக்கு வந்துவிடாது, ஆய்வுக்கும் நேரம் எடுக்கும். அதனால் மின்னஞ்சலை அவ்வப்போது பாருங்கள்.

எல்லாப் படத்தையும் பதிவு செய்யணுமா?

வேண்டாம். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு படைப்பு என்பதுதான் விதி. போனில் உள்ள ஆயிரம் படங்களுக்கும் 500 ரூபாய் வீதம் கட்ட முடியுமா? காசு சம்பாதிக்கக்கூடிய படம், விளம்பரத்துக்கு யாராவது கேட்கக்கூடிய படம், நிறைய பேர் பகிர்ந்த படம், இனி எடுக்கவே முடியாத படம் என்று ஐந்தாறைத் தேர்ந்தெடுங்கள். மீதிக்கு ஆதாரத்தைச் சேமித்து வைத்தாலே போதும்.

படத்தில் மனிதர்கள் இருந்தால்?

டெல்டாவில் எடுக்கும் நல்ல படங்களில் பாதிப் படங்களில் மனிதர்கள் இருப்பார்கள். நாற்று நடும் அக்காக்கள், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை சுமப்பவர்கள், வலை பின்னும் தாத்தா. ஒருவருடைய உருவம் தெரியும் படத்தைப் பதிவு செய்ய, அவரிடமிருந்து ஆட்சேபமில்லாக் கடிதம் ஒன்றைப் பதிப்புரிமை அலுவலகம் கேட்கும்.

இதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். அந்த அக்காவின் முகம் நாளைக்கு உர விளம்பரத்தில் வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? படம் எடுத்த கையோடு அவரிடம் காட்டி, எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். தமிழில் நாலு வரி எழுதிப் படித்துக்காட்டி, அவர் சம்மதித்தால் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதியை அவருக்கும் கொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நம் உரிமையை மதிக்கச் சொல்லும் நாம் அவர் உரிமையையும் மதிக்கணும் இல்லையா?

பதிவு செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்

• ஒரிஜினல் பைலை அழிக்காதீர்கள். எடுத்த தேதி, நேரம், போன் மாடல் எல்லாம் அந்த பைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்கள்.

• வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பினால் அது சுருங்கிவிடும், உள்ளே இருக்கும் விவரங்களும் போய்விடும். அதனால் வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை மட்டும் நம்பி ஒரிஜினலை டெலீட் செய்யாதீர்கள்.

• முழு அளவுப் படத்தைப் பொதுவில் போடாமல் சிறிய அளவில் போடுங்கள். பெரிய பைல் உங்களிடம் மட்டும் இருப்பதே ஒரு வலுவான ஆதாரம்.

• முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் வைத்திருங்கள். ஒரே இடத்தில் எடுத்த பத்துப் படங்கள் உங்களிடம் இருந்தால், நடுவில் இருப்பதும் உங்களுடையதுதான் என்று காட்டுவது எளிது.

படம் திருடு போய்விட்டது. இப்ப என்ன பண்றது?

பதற்றத்தில் கமென்ட்டில் சண்டை போடாதீர்கள். அவர்கள் படத்தை நீக்கிவிட்டால் ஆதாரமும் போய்விடும். முதலில் தேதி, இணைய முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அச்சுப் பொருள் என்றால் ஒன்றை வாங்கி, பில்லோடு வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்க ஒரு சான்றிதழும் வேண்டும். அதை வழக்கறிஞர் தயார் செய்துகொடுப்பார்.

அடுத்து, பயன்படுத்தியவருக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ். மரியாதையாகவே எழுதலாம். படம் உங்களுடையது, நீக்க வேண்டும் அல்லது உரிய தொகை தர வேண்டும் என்று கெடுவோடு சொல்லுங்கள்.

இணையதளத்தில் இருந்தால் அந்தத் தளத்துக்கே புகார் கொடுக்கலாம். பதிப்புரிமை விதிகள், 2013-இன் 75-ஆவது விதிப்படி, முறையான எழுத்துப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு வாங்கித் தராவிட்டால் படத்தை மீண்டும் அனுமதிக்க அவர்களுக்கு வழி உண்டு. அதனால் புகார் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள்.

கம்பெனி மும்பையில் இருக்கிறது, அங்கே போய் எப்படி கேஸ் நடத்துவது என்று மலைக்க வேண்டாம். 62-ஆவது பிரிவின்படி, நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்கு உட்பட்ட மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். கீழ்வேளூர்க்காரருக்கு அது நாகப்பட்டினம். தடை உத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம்.

தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது குற்றமும்கூட. 63-ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் 'நிட் புரோ' வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

வக்கீல் வைக்க வசதியில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கும். உதவி எண்: 15100.

இது வேறு, அது வேறு

யாரோ எடுத்த உங்கள் படத்தை மார்பிங் செய்வது, அந்தரங்கப் படத்தைப் பரப்புவது, மிரட்டுவது எல்லாம் பதிப்புரிமைப் பிரச்சினை அல்ல, சைபர் குற்றம். அதற்குப் பதிவுச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. ஒரு நாளும் தள்ளிப்போடாமல் 1930 என்ற எண்ணிலோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ, பக்கத்துக் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பெண்கள் 181 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

வாசகர்களுக்கு எழும் மூன்று சந்தேகங்கள்

*பேஸ்புக்கில் போட்டுட்டா படம் அவங்களுக்குச் சொந்தமாயிடுமா?*
இல்லை. தங்கள் தளத்தில் படத்தைக் காட்டவும் பயன்படுத்தவும் நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். உரிமை உங்களிடமே இருக்கும். மற்றவர்கள் அங்கிருந்து எடுத்துத் தங்கள் வியாபாரத்துக்குப் போட அது அனுமதி ஆகாது.

*'நன்றி: இணையம்' என்று போட்டால் சரியா?*
சரியில்லை. நன்றி சொல்வது அனுமதி வாங்குவதற்கு ஈடாகாது. சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. விளம்பரத்துக்கும் வியாபாரத்துக்கும் கேட்காமல் எடுக்க முடியாது. இது நமக்கும் பொருந்தும். அடுத்தவர் படத்தைக் கடை பேனரில் போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

*இந்தியாவில் உள்ள உரிமை சிங்கப்பூரில் செல்லுமா?*
செல்லும். பெர்ன் உடன்படிக்கையில் உள்ள 180-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒன்றின் படைப்புகளை மற்றொன்று பாதுகாக்கின்றன. இந்தியா அதில் 1928 முதல் உறுப்பினர்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

போன் கேலரியைத் திறந்து, உங்களின் சிறந்த ஐந்து படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் ஒரிஜினல் பைல் இருக்கிறதா, படத்தில் யாராவது இருந்தால் சம்மதக் கடிதம் இருக்கிறதா, பணம் வாங்கி எடுத்த படம் என்றால் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் முதல் படத்துக்கு இந்த வாரமே படிவம் 14-ஐப் பூர்த்தி செய்துவிடுங்கள். படம் களவு போன பிறகு ஆதாரம் தேடுவதைவிட, 500 ரூபாய் கட்டி டைரி எண்ணை வாங்கி வைப்பது எவ்வளவோ சுலபம்.